போக்கிடம் இல்லாதவருக்குப் பெயர் உழைப்பாளி



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாக ஓர் உரையை நீலகிரியில் நிகழ்த்துவது எங்களுக்கு மகிழ்ச்சியும் பொறுப்பும் தரும் காரியம். பண்டிதரின் இளமை இந்த மலையோடு பிணைந்தது. 1870களில் அவர் அத்வைதானந்த சபையைத் தொடங்கியது இங்கேதான். 1891 டிசம்பர் 1 அன்று மாநாடு கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியதும் இங்கேதான். அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசனும் ‘பறையன்’ இதழைத் தொடங்கும் முன்பு நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனங்களில் கணக்காளராக இருந்தவர். தேயிலைக்குப் பெயர்போன இந்த மலை தலித் அரசியலுக்கும் நாற்றங்காலாக இருந்திருக்கிறது.

பண்டிதர் விடாமல் செய்த வேலைகளில் ஒன்று, பெயர்களைப் பிரித்துப் பார்ப்பது. யாருக்கு யார் எந்தப் பெயரை வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வழியில் இன்று இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று உழைப்பாளி. மற்றொன்று சோம்பேறி.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் கால் மணி நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். “நம்ம ஜனத்துக்கு ரேஷன் அரிசி வந்ததும் உடம்பு வளையல. வடக்கன் வந்ததாலதான் எஸ்டேட்டே ஓடுது.” சொல்கிறவர் தோட்ட முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரும் சொல்கிறார். லைன் வீட்டில் பிறந்து படித்து அரசு வேலைக்குப் போன நம் தம்பியும் சொல்கிறான். அதுதான் நம்மைக் கவலைப்பட வைக்கிறது.

இந்த உரையில் நாங்கள் விளக்க முனைவது ஒரே ஒரு கருத்து. யார் எவ்வளவு வேலை செய்கிறார் என்பதை இந்தச் சொற்கள் அளப்பதில்லை. கொடுத்த கூலிக்கு வேலையை மறுக்க முடியாதவரை உழைப்பாளி என்கிறார்கள். அவருக்கே கொஞ்சம் போக்கிடம் கிடைத்து, அவர் மறுக்கத் தொடங்கியதும் சோம்பேறி என்கிறார்கள். வேலை அதேதான், ஆளும் அதே ஆள்தான். போக்கிடம் மட்டுமே மாறியிருக்கிறது.

மலையில் வைத்த முதல் அளவுகோல்

1819இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவருடைய பங்களா இன்றும் இருக்கிறது. அதன்பின் வந்த அதிகாரிகளும் பயணிகளும் பாதிரியார்களும் மலையில் வாழ்ந்தவர்களைப் பற்றி நிறைய எழுதினார்கள். தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் ஆகியோரை ‘இனங்கள்’ என்று பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒரு குணச்சான்றிதழ் கொடுத்தார்கள். தோடர் அழகானவர்கள், ஆனால் சோம்பேறிகள். படகர் உழைப்பாளிகள். குறும்பர் காட்டுத்தனமானவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நூல்களில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன.

தோடர் ஏன் சோம்பேறி ஆனார்? எருமை மந்தை வளர்ப்பவர் அதிகாலையில் எழுகிறார். மேய்க்கிறார், கறக்கிறார், வெண்ணெய் எடுக்கிறார், பால்மனைச் சடங்குகளை ஒழுங்கு தவறாமல் செய்கிறார். போர்வையில் பூத்தையல் போட்டு உடுத்துகிறார்கள். இவை எதுவும் வேலையாகத் தெரியவில்லை. காரணம், அவர்கள் ஏர் பிடிக்கவில்லை, கூலிக்கும் வரவில்லை. படகர் பயிர் செய்தார்கள், வரி கட்டினார்கள், சாலை வேலைக்கு ஆள் கொடுத்தார்கள். ஆகவே அவர்களுக்கு நற்சான்று கிடைத்தது.

இந்தச் சான்றிதழுக்குப் பின்னால் நிலம் இருந்தது. மேய்ச்சல் புல்வெளிகளை ஆங்கில அரசு தரிசு என்று வகைப்படுத்தித் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தது. நிலம் ‘சும்மா கிடக்கிறது’ என்று சொல்ல வேண்டுமானால் அதில் வாழ்ந்தவர்கள் ‘சும்மா இருக்கிறார்கள்’ என்று முதலில் சொல்லியாக வேண்டும். கோத்தகிரிப் பக்கம் காக்பர்ன் குடும்பத்தார் காப்பியும் தேயிலையும் வைத்த காலமும், நடுவட்டத்தில் சின்கோனா தோட்டத்துக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கிய காலமும் இதுவே. மலைவாசி வரவில்லை என்றதும் கைதியைக் கொண்டுவந்தார்கள். ‘உழைப்பாளி’ என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை அந்தச் சிறைச்சுவர் சொல்லும்.

கடலுக்கு அப்பால் எழுதப்பட்ட ஒரு கடிதம்

இந்த அளவுகோல் நீலகிரியில் மட்டும் புழங்கியதல்ல. அதே காலத்தில் கரீபியன் தீவுகளிலும் அதன் அக்கரைக் கரும்புத் தோட்டங்களிலும் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு தரப்பட்டது. அடிமையாக இருந்தவர்களுக்கு எதுவும் தரப்படவில்லை. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பலர் சொந்தமாகச் சிறு நிலம் தேடிக்கொண்டு, சாட்டை விழுந்த தோட்டத்துக்குத் திரும்ப மறுத்தார்கள். திரும்பியவர்கள் நல்ல கூலி கேட்டார்கள். உடனே அவர்கள் சோம்பேறிகள் ஆனார்கள். தாமஸ் கார்லைல் என்ற பெரிய எழுத்தாளர் 1849இல் ஒரு கட்டுரை எழுதினார். கரும்பு அழுகிக்கொண்டிருக்க இவர்கள் பூசணிக்காய் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஏளனம் செய்தார். முன்னூறு ஆண்டுகள் அட்லாண்டிக் கடலின் இருகரைகளையும் செல்வம் கொழிக்க வைத்தவர்களின் பிள்ளைகளுக்கு, கூலி பேசும் உரிமை வந்த உடனே கிடைத்த பட்டம் அது.

அவர்களுடைய இடத்துக்கு ஆள் வேண்டும். கயானாவில் தோட்டங்கள் வைத்திருந்த ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை, 1836இல் கல்கத்தா நிறுவனம் ஒன்றுக்கு ஆள் கேட்டு எழுதினார். அந்த நிறுவனம் சோட்டா நாகபுரி மலைப்பகுதி ஆதிவாசிகளைச் சிபாரிசு செய்தது. அவர்கள் மனிதரைவிடக் குரங்குக்கு நெருக்கமானவர்கள் என்று பேசப்படுவதாகப் பதில் எழுதியது. மதம் கிடையாது, கல்வி கிடையாது, உண்பதும் குடிப்பதும் உறங்குவதும் தவிர வேறு தேவை கிடையாது, அதற்காக உழைக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பது அந்தப் பதிலின் சாரம். 1838இல் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் கூலிகளை ஏற்றிக்கொண்டு கயானாவுக்குப் போயின.

தோழர்களே, அந்தக் கடிதத்தை உற்றுப் பாருங்கள். அதில் இருப்பது பாராட்டு. நல்ல உழைப்பாளிகள் என்பதற்கான சான்று. தேவைகள் இல்லாதவர், கேள்வி இல்லாதவர், போக வேறு இடம் இல்லாதவர் என்பதே அந்தப் பாராட்டின் பொருள். இனவெறி இழிவாகப் பேசும்போது மட்டும் வெளிப்படுவதில்லை. புகழும்போதும் வெளிப்படும்.

சோட்டா நாகபுரி என்பது இன்றைய ஜார்க்கண்டின் பெரும்பகுதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

இயல்பாகவே உழைப்பாளி என்றால் சிறை எதற்கு?

நம் பாட்டன் பூட்டன்மார் மலையேறி வந்த கதை உங்களுக்குத் தெரியும். கோவை, சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்தும் மைசூர்ப் பக்கமிருந்தும் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார். பஞ்சம் வந்த ஆண்டுகளில் கூட்டம் அதிகம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தை நம் ஊர்ப்புறங்களில் இன்னும் சொல்வார்கள்.

தோட்டக்காரர்கள் இந்த மக்களை அடக்கமானவர்கள், பொறுமையானவர்கள், கடும் உழைப்புக்கென்றே பிறந்தவர்கள் என்று எழுதினார்கள். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. 1859இல் வந்த ஒப்பந்த மீறல் சட்டம் எதற்கு? முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது வேலையை முடிக்க வேண்டும், இல்லையென்றால் சிறை என்று அது சொன்னது. அது போதாது என்று தோட்டக்காரர்கள் கேட்டதால் 1903இல் மதராஸ் தோட்டக்காரர் தொழிலாளர் சட்டம் தனியாக வந்தது. இலங்கையில் ‘துண்டு’ முறை இருந்தது. பழைய தோட்டத்துக் கடன் தீர்ந்ததைக் காட்டும் அந்தக் காகிதம் இல்லாமல் ஒருவர் வேறு தோட்டத்தில் சேர முடியாது. அது ஒழிந்தது 1921இல். 1859ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 1925இல்.

பொறுமையானவர்களைப் பிடித்து வைக்கச் சட்டம் தேவையில்லை. அவர்கள் ஓடினார்கள், மறுத்தார்கள், ஏய்த்தார்கள். அதனால்தான் சட்டம் தேவைப்பட்டது. பொறுமை என்று எழுதப்பட்டது கடனின் பொறுமை. உழைப்பு என்று புகழப்பட்டதில் ஒரு பகுதி சிறைக்குப் பயந்த உழைப்பு.

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. செக்ரோலில் அன்றைக்குப் பேர் விழுந்தால்தான் கூலி. நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர். ஒருத்தி விடியற்காலை எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, அட்டைக்கடியில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தாலும், மழையில் இலை குறைந்த அன்று கணக்கில் அவள் அரை ஆள். வீட்டில் அவள் பார்த்த வேலைக்கு எந்தச் செக்ரோலும் கிடையாது. பெண்களின் விரல்கள் கொழுந்துக்கென்றே படைக்கப்பட்டவை என்று சொல்வார்கள். அந்தப் புகழுக்கும் ஒரு விலை இருந்தது. இலங்கைத் தோட்டங்களில் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைத்தது 1984இல்தான்.

சாதி: வேலையைப் பிரித்ததோடு நிற்காதது

இனம், வர்க்கம் என்று மட்டும் பேசினால் நம் கதையில் பாதி விட்டுப்போகும். மலையேறியவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர். சமவெளியில் அவர்கள் பண்ணையாட்களாக, படியாட்களாக இருந்தவர்கள். ஊரில் நிலம் இல்லை, குளத்தில் தண்ணீர் இல்லை, தெருவில் நடக்க இடமில்லை. கங்காணியின் முன்பணத்தை அவர்கள் வாங்கியதற்குப் பஞ்சம் மட்டும் காரணமில்லை. சேரியிலிருந்து வெளியேற அது ஒரு வழியாகவும் இருந்தது.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குவது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்த அடுக்கில் ஒரு வினோதம் உண்டு. எந்த வேலை அதிகக் கடினமோ அது அதிக இழிவு. எந்த வேலையில் உடல் வளைவதே இல்லையோ அது அதிக மேன்மை. ஆகவே நம் சமூகத்தில் ‘கடின உழைப்பு’ ஒருபோதும் மதிப்புக்கு வழியாக இருந்ததில்லை. மலம் அள்ளியவரையும் சேற்றில் நட்டவரையும்விடக் கடினமாக உழைத்தவர் யார்? உழைத்தால் உயரலாம் என்ற வாக்குறுதி சாதிச் சமூகத்தில் பொய் என்பதற்கு நம் தாத்தாமார்களின் முதுகுகளே சாட்சி.

பண்டிதர் இதை அன்றே புரிந்துவைத்திருந்தார். 1891ஆம் ஆண்டுத் தீர்மானங்களில் கல்வி, வேலை, பொதுக் கிணறு, குளம் பற்றிய கோரிக்கைகளோடு ஒரு கோரிக்கை சிறையைப் பற்றியது. சிறைக்குள் இழிவான வேலைகளைப் பறையர் கைதிகளுக்கே ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும் என்றார்கள். சிறையில்கூட யார் எந்த வேலைக்குப் ‘பிறந்தவர்’ என்று அரசாங்கம் எழுதி வைத்திருந்தது. அந்தத் தீர்மானம் கேட்டது கூடுதல் கூலியை அல்ல, ஒரு வேலையை மறுக்கும் உரிமையை.

2001இல் டர்பன் நகரில் ஐக்கிய நாடுகள் அவையின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது, சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித் இயக்கங்கள் வாதாடின. சாதி வேறு, இனம் வேறு என்று இந்திய அரசு எதிர்த்தது. உயிரியல்படி இரண்டும் ஒன்றல்லதான். ஆனால் பிறப்பைக் காட்டி வேலையை ஒதுக்கி, அந்த வேலையையே காட்டிக் குணத்தை எழுதும் முறையில் இரண்டும் உடன்பிறப்புகள்.

உழைப்பாளி அந்நியன் ஆன கதை

இந்த அரங்கில் பாதிப்பேருக்கு இலங்கை சொந்தக் கதை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம்.

இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது கண்டிச் சிங்கள விவசாயிகள் கூலிக்கு வர மறுத்தார்கள். அவர்களுக்கு வயல் இருந்தது, வீட்டுத் தோட்டம் இருந்தது. தோட்டக்காரர்கள் அவர்களைச் சோம்பேறிகள் என்றார்கள். தமிழ்க் கூலியை உழைப்பாளி என்றார்கள். இரண்டு சமூகங்களுக்கிடையே வெள்ளைக்காரன் விதைத்த கசப்பில் இந்தச் சான்றிதழுக்கும் பங்குண்டு. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். இடதுசாரிகளுக்கும் வாக்களித்தார்கள். சங்கம் வைத்து வேலைநிறுத்தமும் செய்தார்கள். அதாவது மறுக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. நேற்றுவரை நாட்டுக்குச் சோறு போட்ட உழைப்பாளி, இன்று நாட்டைப் பிடிக்க வந்த அந்நியன்.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்களாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் கையெழுத்திட்டன. அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே பின்னாளில் டான்டீ ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று காட்டைத் திருத்திக் கன்று வைத்தவர்கள் இவர்கள். இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரங்க’. அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன்.

2022இல் நட்டத்தைக் காரணம் காட்டி டான்டீ நிலத்தில் சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவு செய்தது. ஓய்வுபெற்றவர் லைன் வீட்டை விட வேண்டும் என்றால் எங்கே போவார் என்ற கேள்வி எழுந்தது. காட்டை மீட்பதை நாம் எதிர்க்கவில்லை. காட்டைத் திருத்தச் சொன்னதும் அரசு, திருப்பிக் கொடுக்கச் சொல்வதும் அரசு. இடையில் வாழ்ந்தவருக்குக் கால் சென்ட் மனை உரிமையில்லை என்பதைத்தான் எதிர்க்கிறோம்.

மாஞ்சோலைத் தொழிலாளர்களையும் இங்கே நினைக்க வேண்டும். மூன்று தலைமுறை ‘நல்ல வேலைக்காரர்கள்’. கூலி உயர்வு கேட்டுப் போராடிக் கைதானார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த பேரணியில் தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதில் ஒரு குழந்தையும் அடக்கம்.

இன்றைய மேடைப்பேச்சு

பழைய சொற்கள் இன்று நீதிமன்றத்திலும் தொழிலதிபர் மாநாட்டிலும் தேர்தல் மேடையிலும் புதுத் துணி உடுத்தி வருகின்றன.

2018 நவம்பரில் ரேஷன் அரிசிக் கடத்தல் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, எல்லோருக்கும் இலவச அரிசி தருவதால் மக்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள், சின்ன வேலைகளுக்கும் வடமாநிலங்களிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது என்று கருத்துச் சொன்னது. 2022 ஜூலையில் பிரதமர் மோடி இலவசங்களை ‘ரேவடி’ மிட்டாய் விநியோகத்துக்கு ஒப்பிட்டார். 2025 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தொழில் மாநாட்டில் எல் அண்ட் டி தலைவர், நலத்திட்டங்களால் தொழிலாளர்கள் ஊர்விட்டு வேலைக்கு வர மறுக்கிறார்கள் என்று குறைப்பட்டார். அதே வாரத்தில் உச்ச நீதிமன்றத்தில், நாம் ஒட்டுண்ணிகளின் வர்க்கத்தை உருவாக்குகிறோமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். எந்த வழக்கில் தெரியுமா? வீடற்றவர்களுக்கான தங்குமிடம் பற்றிய வழக்கில்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நான்கு பேர் உள்ள வீட்டின் சாதாரண அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். ஆளுக்கு 5 கிலோ, நாளுக்குச் சுமார் 167 கிராம். வாடகை, பஸ் கட்டணம், மருந்து, பள்ளிச் செலவு, கேஸ் எதையும் அரிசியால் கட்ட முடியாது. இதை வைத்துக்கொண்டு யாரும் காலாட்டி உட்கார முடியாது. ஆனால் ஒன்று முடியும். நாளைக்குச் சோறு இருக்கிறது என்பதால் இன்றைக்கு ஒரு மோசமான கூலியை வேண்டாம் என்று சொல்ல முடியும். அவர்களுக்குக் கசப்பது அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்தான்.

நூறு நாள் வேலையும் அப்படித்தான். 2005ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத்துப் பெண்ணுக்கு, குறிப்பாக நம் பெண்களுக்கு, ஒரு மாற்றுக் கூலியைக் காட்டியது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பண்ணையார் வீட்டு வாசலில் நின்று கூலி கேட்டவள், மரத்தடியில் உட்கார்ந்து அட்டையைக் காட்டிக் கேட்டாள். ‘மரத்தடியில் தூங்குகிறார்கள்’ என்ற கேலி அன்றே தொடங்கியது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நாட்களை 125 என்று உயர்த்திய அதே சட்டம், விதைப்பும் அறுப்பும் நடக்கும் பருவத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்க வழி செய்கிறது. கூலி உயர வாய்ப்புள்ள பருவத்தில் அவளுக்கு வேறு போக்கிடம் இருக்கக் கூடாது என்பதே இதன் விளைவு. 1859க்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இப்போது சிறை இல்லை. ஆனால் கதவை அடைக்கும் கை அதே திசையிலிருந்து வருகிறது.

அமெரிக்காவில் 1976 தேர்தலில் ரொனால்ட் ரீகன், பல பெயர்களில் அரசு உதவித்தொகை வாங்கி ஆடம்பரமாக வாழும் ஒரு சிகாகோ பெண்ணின் கதையை ஊர் ஊராகச் சொன்னார். கறுப்பினப் பெண் என்று அவர் வாயால் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குப் புரிந்தது. நம் ஊரில் ‘ரேஷன் அரிசி தின்று சோம்பேறி ஆனவன்’ என்றால் எந்தத் தெருக்காரன் என்று கேட்பவருக்குப் புரிவதைப்போல.

2019 செப்டம்பரில் பெருநிறுவன வரியை மத்திய அரசு குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே அறிவித்தது. அதற்குப் பெயர் ஊக்குவிப்பு. முதலாளிக்குப் பணம் கொடுத்தால் உழைப்பார், தொழிலாளிக்குக் கொடுத்தால் உழைக்க மாட்டார் என்றால், இது பொருளாதாரம் அல்ல. பழைய குணச்சான்றிதழ்.

புகழ்ச்சியையும் நம்பிவிடக் கூடாது. 2020இல் கொரோனா காலத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள், முன்களப் பணியாளர் என்றார்கள். 2025 ஆகஸ்டில் சென்னையில் அவர்களே தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு நாட்கணக்கில் உட்கார்ந்தபோது, நள்ளிரவில் போலீசால் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மாலை உழைப்புக்கு விழுந்தது. உரிமை கேட்டதும் லாரி வந்தது.

வடக்கிலிருந்து வந்தவர்

இப்போது ஜார்க்கண்டுக்குத் திரும்புவோம். இன்று நம் மலைத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் புதியவர்களில் ஜார்க்கண்ட், அசாம், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் உண்டு. அவர்களில் ஆதிவாசிகளும் தலித்துகளும் நிறைய. 1836ஆம் ஆண்டுக் கடிதம் பாராட்டிய அதே மலைப்பகுதியின் பேரப்பிள்ளைகள். அவர்களைப் பற்றி டீக்கடையில் சொல்லப்படும் பாராட்டும் கிட்டத்தட்ட அதேதான். “கேட்டதச் செய்வான், லீவு கேக்க மாட்டான், சங்கம் கிங்கம்னு போக மாட்டான், ரொட்டியும் உருளைக்கிழங்கும் போதும்.”

இதைக் கேட்டு அவர்கள் மேல் கோபப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. அந்தக் கோபம் தவறான முகவரிக்குப் போகிறது. அவர் முகவர் மூலம் வந்தவர். மொழி தெரியாது. ஓட்டு ஊரில் இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இல்லை. நம் பூட்டனும் இப்படித்தான் வந்தார். அவரும் ஒருநாள் கூலி உயர்வு கேட்பார், பிள்ளைக்குப் பள்ளி கேட்பார். அன்றைக்கு அவரும் சோம்பேறி ஆவார், வேறொரு மலையிலிருந்து வேறொரு உழைப்பாளி வருவார். இந்தச் சங்கிலியில் நாம் முந்திய கண்ணி, அவர் அடுத்த கண்ணி.

நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்களே என்று வருந்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? அவன் வேலையை விடவில்லை. லைன் வீட்டையும் அரைப்பேரையும் விட்டான்.

நாம் செய்யும் தவறு

கடைசியாக நம்மைப் பற்றி. நாங்கள் சில ஆண்டுகளுக்கு முன்பு ஓய்வுபெற்ற தோட்டக் குடும்பங்களுக்கு மனைப்பட்டா கேட்டு மனுக்கள் எழுதினோம். ஒவ்வொரு மனுவும் ஒரே மாதிரி தொடங்கியது. ‘முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓடாய்த் தேய்ந்த நான்...’ எழுத எழுத எங்களுக்கே பெருமையாக இருந்தது. வரிசையில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். கூட ஒரு மகன். பிறவியிலேயே நடக்க முடியாதவர், ஒருநாளும் தோட்ட வேலைக்குப் போகாதவர். மனுவை வாசித்துக் காட்டச் சொல்லி முழுவதும் கேட்டார். பிறகு கேட்டார்: “எனக்குப் பொறவு இவனுக்குத்தானே வீடு. இவன் என்ன ஒழைச்சான்னு எழுதுவீங்க?”

எங்களிடம் பதில் இல்லை. அவர்களுடைய அளவுகோலையே நாங்கள் கையில் எடுத்திருந்தோம். உழைத்ததால் வீடு கொடு என்றால், உழைக்காதவனுக்குக் கொடுக்காதே என்பதும் அதற்குள் இருக்கிறது. ‘நாங்கள் சோம்பேறிகள் இல்லை’ என்று நிரூபிக்கப் புறப்படும் ஒவ்வொரு முறையும், சோம்பேறி என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு உரிமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்த மகனை, நோயாளியை, முதியவரை, வேலை கிடைக்காத பட்டதாரியை, தோடரை வெளியே தள்ளுகிறோம்.

அன்று அந்த மனுக்களைத் திருத்தி எழுதினோம். ‘இந்த மண்ணில் வாழ்பவர் என்ற முறையில்’ என்று தொடங்கினோம். வேலை செய்த ஆண்டுகள், வருங்கால வைப்பு நிதி எண், பணிக்கொடை விவரம் எல்லாம் இரண்டாம் பத்திக்குப் போயின. உழைப்புக்கு உரியது கூலியும் பணிக்கொடையும். அதைக் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். வீடும் சோறும் மருந்தும் பள்ளியும் மனிதருக்கு உரியவை. அவற்றுக்குச் செக்ரோல் கிடையாது.

மாணவத் தோழர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கல்லூரியில் ‘கோட்டா’ என்று குத்திக்காட்டும்போது, நானும் ராப்பகலாகப் படித்துத்தான் வந்தேன் என்று பதில் சொல்லத் தோன்றும். உண்மைதான். ஆனால் இடஒதுக்கீடு உங்கள் உழைப்புக்குக் கிடைத்த பரிசு அல்ல. மறுக்கப்பட்ட இடத்தில் நம் பங்கு. அதற்கு விடிய விடிய விளக்கு எரிந்ததைச் சாட்சி காட்ட வேண்டியதில்லை.

யாராவது ஒருவரை உழைப்பாளி என்றோ சோம்பேறி என்றோ சொல்லக் கேட்டால், மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் கூலிக்கு வேலை வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியுமா? சொன்னால் நாளைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியுமா? அவர் சொல்லாமல் இருப்பதால் லாபம் யாருக்கு? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அந்தச் சொல்லின் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும்.

நாளைக்குச் செய்ய ஒரு வேலையும் சொல்லிவிட்டு முடிக்கிறோம். உங்கள் தோட்டத்தில், உங்கள் தெருவில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம் இருந்தால், அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கத் துணைக்குப் போங்கள். அவர்கள் கையில் எத்தனை பேர் விழுந்தது, எவ்வளவு கூலி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதப் பழக்குங்கள். நம் பூட்டனுக்கு அப்படி ஒருவர் வந்திருந்தால் எத்தனையோ கடன் துண்டுகள் அன்றே கிழிந்திருக்கும்.